தெரியாது என்றால் கிளாஸ் கழுவ வேண்டும்

ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவர் சலவைப் பிரிவு மேலாளர். மற்ற எல்லாருக்கும் அவர் ‘மூலம்’. அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். பேர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும், “ஒரு நிமிஷம், இதோட மூலம் என்ன தெரியுமா?” என்று விரலைத் தூக்கிவிடுவார். இரண்டாவது மாடியில் மூலத்துக்கென்றே தனி வார்டு இருக்கிற கட்டடத்தில் இப்படிப் பேசிக்கொண்டு திரிந்தால் வேறு என்ன பேர் கிடைக்கும்?

நாலு வருஷமாக அவரைப் பிடித்திருந்தது எபிரேயம், அதாவது யூதர்களின் ஹீப்ரு. ஃபோட்டோகாப்பி கடையின் மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடுவார்கள். வாசலில் ‘வேர் வழியே அன்றாட எபிரேயம்’ என்று பலகை. தலைவர், பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை வந்தவன் போனவனிடமெல்லாம் மூலப் பத்திரம் கேட்டே பழகியவர், ஓய்வுக்குப் பிறகு சொற்களிடம் அதைக் கேட்க ஆரம்பித்தார். எபிரேயம் வசதியாக வாய்த்தது. அதில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் சேர்ந்த ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. ஷ, ல, ம என்று மூன்றை எடுத்துக்கொண்டால் ஷாலோம் அமைதி, ஷாலேம் முழுமை, லெஷாலேம் பாக்கியைக் கொடுத்துத் தீர்ப்பது. “கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் மனம் முழுமையாகும். முழுமையானால் அமைதி” என்று தலைவர் கண்களை மூடிக்கொண்டு சொன்னபோது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அழுதேவிட்டார். அவருக்குக் கொடுக்க வேண்டியது நிறைய இருந்தது.

வேர்களையும் தராதரம் பார்த்தே எடுத்தார்கள். அமைதி, கருணை, உடன்படிக்கை, ஞானம் என்று கனமான சரக்குகளுக்கே ஞாயிறுகள் போய்விட்டன. தலையணை, சாவி, சளி, வயிற்றுவலி மாதிரியான சில்லறைகளின் பக்கம் வட்டம் எட்டிப் பார்க்கவில்லை. பலகையில் இருந்த ‘அன்றாட’ பலகையிலேயே இருந்தது.

வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரும் ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது. “தெரியாது என்பது சோம்பேறியின் சொல். வேர் தெரிந்தவன் வருவித்துக்கொள்வான்” என்பார் தலைவர். அறியாத சொல் வந்தால், அறிந்த வேரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒரு பொருளைப் பறித்துக்கொண்டு இறங்க வேண்டும். பறித்தது காயா பழமா என்று யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. மீறித் ‘தெரியாது’ என்றவர் அன்றைக்கு எல்லாருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டுக் கழுவினார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் தெரியாதது என்று எதுவுமே இல்லாமல் போயிற்று.

நம்மவர் கணக்கு இன்னும் சுலபம். “முந்நூறு வேர் தெரியும். வேருக்குப் பத்து வார்த்தை வெச்சுக்கோ. மூவாயிரம் வார்த்தை!”

“மூவாயிரம் தெரியுது, வர்றப்ப பால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்ன ஒண்ணு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது” என்பாள் மனைவி.

ஆனால் மனைவியின் தங்கை அப்படியில்லை. அதே ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். சிறு வயதிலேயே அப்பாவை இழந்த அவளுக்கு அக்கா வீட்டுக்காரர்தான் படித்த மனுஷன் என்பதற்கு அடையாளம். சலவைப் பையன்கள் ‘மூலம்’ என்று சிரித்தபோது ஒருமுறை லிஃப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர்களைக் காய்ச்சி எடுத்தவள் அவள். “எங்க அத்தான் மாதிரி நாலு மொழி படிச்சுட்டு வந்து சிரிங்கடா!”

அந்த நம்பிக்கைதான் வினையாக வந்தது.

அன்று முற்பகல் அவர் அடித்தளத்தில் உருளை இஸ்திரி மெஷினின் முன்னால் நின்று, ரத்தக் கறை போகாமல் வந்த ஒரு விரிப்பை வைத்துக்கொண்டு பையன்களைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். “எத்தனை தடவை சொல்றது? ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். சுடுதண்ணி பட்டா உறைஞ்சு பிடிச்சுக்கும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் போகாது.” இந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வேரில்லாமல் கற்றுக்கொண்டதெல்லாம் அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது.

மேசை மேலிருந்த போன் அடித்தது.

“அத்தான், உடனே மேல வாங்க. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர், வயசானவர். லாட்ஜ்ல இருந்து கொண்டுவந்திருக்காங்க. ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு இல்ல. கூட அவர் சம்சாரம் மட்டும்தான். இங்கிலீஷ் சுத்தமா தெரியல. பாஸ்போர்ட்டைப் பார்த்தா உங்க மொழி அத்தான்! டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், எங்க வீட்லயே ஆள் இருக்குன்னு.”

உங்க மொழி. அந்த இரண்டு சொற்களில் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. சட்டையை உள்ளே செருகினார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினார். ஏற ஏற, தெரிந்த வேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் திரைக்குப் பின்னால் கிழவர் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் குள்ளமான ஒரு கிழவி நர்ஸ் மச்சினியின் முன்னால் நின்று, தன் விரல் நுனியை மற்ற கையின் நகத்தால் குத்திக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் மொழிபெயர்ப்பு வைத்துப் பார்த்தாகிவிட்டது. அழுகைக்கும் மெஷின்களின் பீப் சத்தத்துக்கும் நடுவில் அது, ‘உங்கள் மாமாவின் குதிரை ஈரமாக உள்ளது’ என்று ஒருமுறையும், ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒருமுறையும் சொல்லிவிட்டு ஓய்ந்திருந்தது.

“ஷாலோம்!” என்றார் நம்மவர், கணீரென்று.

கிழவி திரும்பினாள். அவள் கைகள் அப்படியே தொங்கிப்போயின. முகம் உடைந்தது. இரண்டு எட்டில் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தாள்.

நாலு வருஷத்தில் அவர் எபிரேயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. தலைவர் படிப்பார், தனித்தனியாக, ஒவ்வொரு சொல்லையும் சாமி சிலை மாதிரி தூக்கிக் காட்டி. இது அப்படியில்லை. கூடையைக் கவிழ்த்த மாதிரி வந்தது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அவருடைய முந்நூறு வேர்களும் மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன.

“சார், நல்லா கேட்டுக்கோங்க.” டாக்டர் இளைஞன், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. “தலை ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான். இப்பவே ஒரு ஊசி போட்டா அடைப்பு கரையலாம். ஆனா அவரு ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை சாப்பிடறவரா இருந்தா, போடவே கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கொட்டிடும். லேப்ல முடிவு வர நேரமாகும். அதுவரைக்கும் சும்மா இருந்தா மூளை செத்துக்கிட்டே போகும். மாத்திரை சாப்பிடறாரான்னு கேளுங்க. இந்த ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

கேளுங்க. மாத்திரைக்கு எபிரேயத்தில் என்ன? வட்டம் மாத்திரை வரை வரவில்லை. சாப்பிடுவதற்கு ஒரு வேர் தெரியும். நோய்க்கும் ஒரு வேர் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, கேள்வி மாதிரி குரலை ஏற்றி விட்டார். என்ன சொன்னார் என்பது அவருக்கும் தெரியாது. கிழவி ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு மறுபடி கொட்டினாள். அந்த வெள்ளத்தில் ஒரே ஒரு சொல் தலை தூக்கியது. தாம்.

தாம்! அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாம் என்றால் ரத்தம். அதாம், மனிதன். அதாமா, மண். அதோம், சிவப்பு. ரத்தமும் மனிதனும் மண்ணும் ஒரே கொடியில் காய்த்தவை என்று தலைவர் மூன்று ஞாயிறு பேசிய வேர் அல்லவா அது. அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறிவிட்டார். கிழவி பேசிக்கொண்டே இருந்தாள். இறங்கி வந்தபோது அவள் பேசி முடித்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினியும்.

“என்ன அத்தான் சொல்றாங்க?”

தெரியாது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். நாலு வருஷப் பழக்கம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு வேறொன்றை வெளியே அனுப்பியது.

“ரத்தத்துல எந்தக் கோளாறும் கிடையாதாம். மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லையாம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “இந்த வயசுலயும் மனுஷன் கல்லு மாதிரி இருந்தாராம்” என்றும் சேர்த்துவிட்டார்.

“உறுதியா சார்?”

“நாலு வருஷமா இதுதானே படிக்கிறேன்.”

டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் குளிர்பெட்டியின் பக்கம் ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலும் அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். “நல்லவேளை நீங்க இருந்தீங்க அத்தான்.”

அவர் கிழவியைப் பார்த்துத் தலையாட்டினார், எல்லாம் சொல்லியாகிவிட்டது என்கிற மாதிரி. கிழவி நீளமாக மூச்சு விட்டாள். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். குத்திக் காட்டுகிற விரல், இழுக்கிற கை, அழுகை, எல்லாம் நின்றுவிட்டன. இனி ஒன்றும் காட்ட வேண்டியதில்லையே. புரிந்த ஆள் ஒருவர் வந்துவிட்டாரே.

அவள் அழுதுகொண்டே இருந்திருந்தால் அவர் அப்படியே அடித்தளத்துக்கு இறங்கிப் போயிருப்பார். அவள் அமைதியானதுதான் அவரை என்னவோ செய்தது. கீழே போகாமல் அந்த மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிழவி நிமிர்ந்து அவரிடம் ஒன்று கேட்டாள். சின்னக் கேள்வி. கடைசியில் குரல் உயர்ந்தது. பதிலுக்குக் காத்திருந்தாள். பிழைப்பாரா என்று கேட்டிருக்கலாம். கழிவறை எங்கே என்று கேட்டிருக்கலாம். அவர் தலையாட்டினார். அவள் புன்னகைத்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மச்சினி ஒரு குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

தாம். அவள் ரத்தம் என்றாளே. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்பதற்கு யாராவது விரலைக் குத்திக் காட்டுவார்களா? உள்ளே வரும்போதே பார்த்தோமே அதை. ஷாலோம் என்று நாம் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு குத்தலில் மச்சினி புரிந்துகொண்டிருப்பாளோ?

கண்ணாடிக் கதவைத் திறந்தார். திறந்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. ‘இன்னொரு வேர் ஞாபகம் வந்தது’ என்று ஆரம்பித்து, கௌரவமாகப் பின்வாங்குகிற ஒரு வாக்கியத்தை மனசுக்குள் பாதி கட்டியிருந்தார். மச்சினி ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“போடாத.”

“என்ன அத்தான்?”

“எனக்குப் புரியல. அவங்க சொன்னது ஒண்ணுமே புரியல.”

“இப்பதானே மாத்திரை இல்லன்னீங்க?”

“நானாக் கட்டிச் சொன்னேன்.”

அவள் கை நின்றது. அவரைப் பார்த்தாள். பதினாறு வயதிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்த கண்கள் அவை. அவற்றில் கோபம் வந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல, இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்பது போல, ஒரு பார்வை. பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, “டாக்டர்!” என்று கத்தினாள்.

டாக்டர் அவரைத் திட்டக்கூட நேரம் செலவழிக்கவில்லை. “லேபுக்குப் போன் போடுங்க. லாட்ஜ்ல இருந்து பெட்டி வந்துச்சா பாருங்க. சார், நீங்க வெளிய...”

நம்மவர் வெளியே போகவில்லை. கிழவியின் முன்னால் போய் நின்றார். புரியவில்லை என்று அவளுக்கும் சொல்லியாக வேண்டும். ஞானத்துக்கான வேரை வட்டத்தில் ஒரு ஞாயிறு முழுக்கக் கடைந்திருக்கிறார்கள். அறிவு, அறிவியல், தகவல் என்று அதிலிருந்து எவ்வளவோ எடுத்தார்கள். அதன் முன்னால் ஒரு ‘இல்லை’யைப் போட்டுப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டம் அப்படி.

“அனி,” என்றார். நான். “லோ.” இல்லை. பிறகு அந்த வேரிலிருந்து தேவையானதை முறித்து எடுத்தார். “யோதேஆ. அனி லோ யோதேஆ.” எனக்குத் தெரியாது. கிழவியின் வாயைத் தொடாமல் சுட்டிக்காட்டி, தன் காதைத் தொட்டு, இரண்டு கையையும் விரித்தார். அவர் எபிரேயத்தில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். தப்பில்லாமல் இருந்தது.

கிழவிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தாள். அவர் மார்பில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். என்னவோ சொன்னாள். அதற்கு வேர் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவரைத் தாண்டிப் போய் டாக்டரின் முன்னால் நின்றாள். விரல்களைக் குவித்து வாயில் எதையோ போட்டு, தண்ணீர் குடிப்பது போல் தலையை அண்ணாந்தாள். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக் காட்டினாள். மறுபடி விழுங்கினாள், மறுபடி தூங்கினாள். தினமும், படுக்கப் போகும்போது. பிறகு கணவரின் கையைத் தூக்கி அந்த விரல் நுனியைக் குத்தினாள். அங்கிருந்து தன் விரலால் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். கட்டில், கட்டிலின் கால், தரை. தரையிலும் நிறுத்தவில்லை. குனிந்தபடியே தரையில் கையைப் பரப்பிக்கொண்டே போனாள்.

“மாத்திரை சாப்பிடறாரு” என்றாள் நர்ஸ் மெதுவாக. “ரத்தம் நிக்காது.”

டாக்டர் ஊசியிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். லேப் முடிவு பிறகு வந்தபோது அதையேதான் சொன்னது. லாட்ஜ் பெட்டியும் வந்தது, மாத்திரை அட்டையோடு. அதற்குள் கிழவரை வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வந்திருந்தது. அங்கே தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்களாம்.

எடுத்தார்கள். கிழவர் பிழைத்தார். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை.

இந்தச் செய்தியை அவருக்குச் சொன்னது டாக்டர். மச்சினி சொல்லவில்லை. அக்காவுக்கு வரும் போனில்கூட, “அவர் இருக்காரா? அப்ப அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். மனைவி பால் வாங்கி வரச் சொல்வதையும் நிறுத்திவிட்டு, தானே போய் வாங்கி வந்தாள். அந்த ஒரு கேலி இல்லாமல் வீடு என்னவோ போல் இருந்தது.

டாக்டரை அவர் கார் நிறுத்துமிடத்தில் மடக்கினார்.

“டாக்டர், ஒண்ணு கேக்கணும். நான் சொன்னதை நம்பி நீங்க நேரத்தை விட்டீங்கல்ல? நான் வராம இருந்திருந்தா அவரை முன்னாடியே அனுப்பியிருப்பீங்க. அந்தப் பேச்சு போனது... என்னாலயா?”

டாக்டர் கார் கதவைப் பிடித்தபடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“தெரியாது சார்” என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது போல. ஏறிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். செய்தி அங்கே வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. வெளிநாட்டுக்காரர் சாகக் கிடந்தார், நம் உறுப்பினர் எபிரேயத்தில் பேசினார், ஊசி நின்றது, உயிர் பிழைத்தது. இதில் ஒவ்வொரு துண்டும் உண்மை என்பதுதான் கொடுமை. தலைவர் எழுந்து நின்றே பேசினார்.

“நாம் வேர்களைத் தேடியபோது உலகம் சிரித்தது. இன்று அந்த வேர்களில் ஓர் உயிர் துளிர்த்திருக்கிறது. எத்தனை பேராசிரியர்களுக்கு இந்தப் பேறு கிடைக்கும்?” கைதட்டல். இருந்தது ஐந்து பேர் என்பதால் ஒவ்வொருவரும் அதிகப்படியாகத் தட்ட வேண்டியிருந்தது. “அந்த அம்மையார் தங்களிடம் முதலில் உரைத்தது என்ன? சொல்லுக்குச் சொல், மூலத்தோடு சொல்லுங்கள். குறித்துக்கொள்வோம்.”

நால்வரும் பேனாவைத் திறந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கடித்துப் பார்க்க ஆளில்லை. ‘கல்லு மாதிரி இருந்தாராம்’ என்பது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“தெரியாது” என்றார்.

தலைவர் சிரித்தார். “தன்னடக்கம்! சரி, சாரத்தையாவது...”

“தெரியாதுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவங்க கையால காட்டிக்கிட்டிருந்தாங்க, நான் போய் அதைக் கெடுத்தேன். இல்லாததைச் சொன்னேன். அந்த ஊசி போட்டிருந்தா அவரு அங்கயே போயிருப்பாரு. போடலைன்னாலும் நேரம் போச்சு. இப்ப அவருக்குப் பேச்சு இல்ல. அது என்னாலயான்னு, அதுவும் தெரியாது.”

ஒரு பேனா மூடுகிற சத்தம் கேட்டது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜன்னலைப் பார்த்தார். தலைவர் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“சட்டம் என்று ஒன்று இருக்கிறது” என்றார். கண்ணால் கிளாஸ்களைக் காட்டினார்.

நம்மவர் எழுந்து நாலு கிளாஸ்களையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். உள்ளே தலைவர் அடுத்த வேரை அறிவிக்கும் குரல் கேட்டது. சத்தியம் பற்றியது. ஒரு கிளாஸின் அடியில் டீ காய்ந்து வளையமாகப் பிடித்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்தார். போகவில்லை. குழாயைத் திறந்து, அதில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, ஊற வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.